சும்மா போன பயணம்

என் தங்கை மெரினாவைப் பற்றி எங்கள் கரையில் யாரிடம் கேட்டாலும், "அவளா? அவ ஊர் சுத்துறவ" என்றுதான் முதலில் சொல்வார்கள். கற்பிட்டிக்கும் தலவிலைக்கும் நடுவில் கிடக்கிற இந்தக் கரையில், கட்டின புருஷனோடு இத்தனை ஊர் போய் வந்த பெண் வேறு யாரும் இல்லை என்பது உண்மைதான். மடு, பேசாலை, யாழ்ப்பாணம், கொச்சிக்கடை, குருநாகல், கண்டி, காலி. பதினைந்து வருஷமாக, மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது அவளும் யூட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார்கள். "புதுசாக் கலியாணம் கட்டின சோடி போகுது" என்று தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். எதற்குப் போகிறார்கள் என்று தெரிந்துகொண்டே சிரிப்பார்கள். அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மெரினாவுக்குப் பிள்ளை இல்லை. அவர்கள் போன ஊரெல்லாம் பிள்ளை கேட்கப் போன ஊர்.

அவளிடம் ஊர்களைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கண்டியா? அங்கே ஒரு டொக்டர் வீட்டு மர வாங்கு ஒரு பக்கம் ஆடும், ஆள் ஏறி உட்காரும்போது பார்த்து உட்கார வேண்டும். வாவியைப் பார்த்தாயா என்றால், "பஸ்ஸிலயிருந்து தண்ணி மாதிரி ஒண்டு தெரிஞ்சது" என்பாள். காலியில் பெரிய கோட்டை இருக்கிறதாம், இவள் காணவில்லை. கஷாயம் காய்ச்சிக் கொடுக்கிற ஒரு சிங்கள அம்மாவின் குசினியைத்தான் கண்டாள். மடுவில் அவளுக்குத் தெரிந்தது கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் உள்ள நிலம், அதுவும் முழங்காலால் தெரிந்தது. நாடு முழுக்கச் சுற்றினவள் நாட்டைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் கதை.

யூட் கெட்டவன் இல்லை. கடலில் அவன் சத்தம் அடுத்த வள்ளத்துக்குக் கேட்கும், கரைக்கு வந்தால் வாய் கிடையாது. அவனுக்கும் சேர்த்துக் கதைக்க அவனுடைய தாய் றோசா மாமி இருக்கிறா. ஒரே வளவு, ஒரே கிணறு, ஒரே மகன். எங்கள் ஆட்கள் சனி இரவு கடலுக்குப் போவதில்லை, ஞாயிறு பூசை. ஆகவே கிழமை முழுக்க இரவில் கடலில் கிடக்கிற மனிதனுக்கு வீட்டில் படுக்கக் கிடைப்பது அந்த ஒரு இரவுதான். அந்த ஒரு இரவையும் றோசா மாமி நேர்த்திக்கடனுக்கு எழுதி வைத்துவிட்டா.

நேர்த்திக்குப் போகிறவர்களுக்கு மாமியிடம் சட்டம் இருந்தது. வெள்ளி தொடக்கம் ஞாயிறு வரை மீன் இல்லை, இறைச்சி இல்லை, சண்டை இல்லை. புருஷனும் பெண்சாதியும் தனித்தனிப் பாயில் படுக்க வேண்டும். ஒரு பாய் சுவரோரம், மற்றப் பாய் கதவோரம். சுத்தமாகப் போய்க் கேட்டால்தான் கேட்டது கிடைக்குமாம்! எனக்கு மூன்று பிள்ளைகள். பிள்ளை எப்படி வரும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அடுத்த வளவுக்காரி நான், ஒருமுறை பொறுக்க மாட்டாமல் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "மாமி, பிள்ளை என்ன வானத்திலயிருந்தா விழுறது?" என்று கேட்டுவிட்டேன். மாமி அந்தக் கிறிஸ்மஸ் வரைக்கும் என்னோடு கதைக்கவில்லை.

இந்த வருஷம் பங்குனியில் தலவிலைத் திருநாளுக்கு ஊரோடு போய்க் கிடுகுக் கொட்டில் போட்டுத் தங்கியிருந்தோம். போன வருஷம் புனித அன்னம்மாள் பீடத்துக்கு முன்னால் மெரினாவுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று அழுத சிலாபத்துப் பெண் ஒருத்தி, இந்த முறை கைக்குழந்தையோடு நன்றி சொல்ல வந்திருந்தாள். எங்களைத் தேடிப் பிடித்து, ஓடி வந்து, பிள்ளையை மெரினாவின் மடியில் போட்டாள். அப்படிப் போட்டால் மடி நிறையும் என்று ஒரு வழக்கம். நல்ல மனதோடுதான் செய்தாள். பிள்ளை மெரினாவின் வெள்ளைச் சாறியில் சிறுநீர் விட்டது. சுற்றி நின்ற பெண்கள், "ஆ, நல்ல சகுனம்" என்று கை தட்டினார்கள். மெரினா சிரித்தாள், பிள்ளையை முத்தமிட்டுத் திருப்பிக் கொடுத்தாள், எழும்பிக் கொட்டிலுக்குப் பின்னால் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அக்கா, எனக்குக் களைச்சுப் போச்சு."

"வெயில்ல நிண்டா களைக்காம? வா, தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

"அது இல்ல. கேக்கிறது களைச்சுப் போச்சு. அன்னம்மாளுக்கும் என்ட மூஞ்சையக் கண்டா, இவ திரும்பவும் வந்துட்டாளா எண்டுதான் இருக்கும்."

"அப்ப விடு. கேக்காத. யார் உன்னைக் கேக்கச் சொல்லி அடிக்கிறது?"

அவள் சாறியின் ஈரமான இடத்தைப் பிழிந்துகொண்டே இருந்தாள். "கேக்கிறத விட்டா, இந்த மனிசன் என்னை எங்க கூட்டிக்கொண்டு போவார்? எங்கட பயணமெல்லாம் இதுக்குத்தானே அக்கா. இவர் பிள்ளைக்காகத்தான் என்னோட வாறாரா, இல்ல எனக்காகவும் கொஞ்சம் வாறாரா எண்டு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் போச்சு, இன்னும் தெரியாது."

எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியும். இது சண்டை இல்லை. என் மனிதர் என்னைச் சாவீட்டுக்குத் தவிர வேறெங்கும் கூட்டிப் போனதில்லை, நான் யாருக்குப் புத்தி சொல்ல? "அவனையே கேள்" என்றேன்.

அவள் அதை அப்படியே கேட்கவில்லை. பாஸ்குத் திருநாள் முடிந்து ஒரு நாள், கோயிலும் வேண்டாம், டொக்டரும் வேண்டாம், ஒரு சனிக்கிழமை எங்கேயாவது போவோம் என்று சொல்லியிருக்கிறாள்.

"எங்க?"

"எங்கயாவது."

"எதுக்கு?"

"சும்மா."

அந்தச் "சும்மா"வை அவன் ஒரு கிழமையாகத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தான். வலை பிரிக்கும்போது என்னிடமே வந்து, "அக்கா, சும்மா எண்டா எங்க போறது?" என்று கேட்டான். பாவம், அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கடைசியில் உச்சமுனையைக் கண்டுபிடித்தான். கடல் உள்ளே வந்து தேங்குகிற களப்பின் வாயில் இருக்கிற அந்தத் தீவில், மீன்பிடிக் குடும்பங்களுக்கு அங்கால், கொழும்பு ஆட்கள் சோடி சோடியாக வந்து தங்கிப் போகிற கபானாக்கள் உண்டு. அதில் ஒன்றுக்கு யூட் கணவாய் பிடித்துக் கொடுக்கிறவன். அங்கே சமையல் செய்கிற சிங்கள ஆள், "மனுசியைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்று எப்போதோ சொன்னது ஞாபகம் வந்திருக்கிறது.

நான் வாய் விட்டுச் சிரித்தேன். கிழமை முழுக்கக் கடலில் கிடக்கிற மனிதன் கடலைப் பார்க்க விருந்துக்குப் போகிறானாம்! மெரினா சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தக் கிழமை முழுக்கப் பரபரப்பு. நேர்த்திக்குக் கட்டுகிற வெள்ளைச் சாறியை அலுமாரியில் பூட்டிவிட்டு, பூப்போட்ட சட்டையை எடுத்து மடிப்பு நீங்க மினுக்கினாள். "அக்கா, பயணத்தில மீன் தின்னப் போறன்" என்று இரண்டு தரம் சொன்னாள். நாற்பத்தொரு வயதுப் பெண் அதைச் சொன்ன விதத்தைக் கேட்க எனக்கு அழுகை வந்தது.

சனி காலையில் அவர்கள் வெளிக்கிடும்போது றோசா மாமி முற்றத்துக்கு வந்தா. கையில் ஒரு கட்டு மெழுகுதிரி, ஒரு போத்தல் எண்ணெய். "உச்சமுனைக் கோயில்ல கொளுத்தி மறக்காமக் கேளுங்க. மீன் வாயில வைக்காத மெரினா" என்றா. மெரினா யூட்டைப் பார்த்தாள். தாயிடம் அவன் நேர்த்திக்குப் போகிறோம் என்றுதான் சொல்லியிருக்கிறான். அவன் நிலத்தைப் பார்த்தபடி மெழுகுதிரியை வாங்கிப் பைக்குள் வைத்தான். வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

தீவில் நடந்ததை மெரினா பிறகுதான் எனக்குச் சொன்னாள். ஒழுங்காக விளங்க வேண்டும் என்பதற்காக இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கரை யாக்கோபுவின் வள்ளத்தில் போயிருக்கிறார்கள். நடுக் களப்பில் மெரினா கேட்டாளாம், "ஏன் பொய் சொன்னீங்க?" அவன் சொன்னது, "சும்மா போறம் எண்டா அம்மா விடுவாவா?" யாக்கோபு அவர்களைத் திரும்பிப் பார்த்து, "உச்சமுனையில என்ன நேர்த்தி, யூட்?" என்று விசாரித்திருக்கிறான். யூட் இருமினான். அவ்வளவுதான்.

ஆனாலும் மத்தியானச் சாப்பாடு நல்லாயிருந்ததாம். பொரித்த பாரை மீன், கணவாய்க் கறி. தன் வீட்டில் தினமும் ஆக்குகிற அதே சாமான்தான், வேறொருவர் ஆக்கி மேசையில் வைத்தால் ருசி வேறு என்றாள். யூட்டும் தின்றான், கொஞ்சம் பயந்து பயந்து தின்றான். கபானாவுக்குள் பெரிய கட்டில், வெள்ளை நுளம்பு வலை, இரண்டு தலையணை, துவாயை மடித்து ஒரு பறவை மாதிரிச் செய்து கட்டிலின் நடுவில் வைத்திருந்தார்கள். மெரினா அந்தப் பறவையைக் குலைக்க மனமில்லாமல் தூக்கிக் கதிரையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

குளித்து வந்து பார்த்தால், யூட் பையிலிருந்து பாயை எடுத்துச் சுவரோரம் நிலத்தில் விரித்து, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான்.

"இண்டைக்கு என்ன விரதம்?"

"ஆ?"

"என்ன விரதம் எண்டு கேக்கிறன். எதுக்குக் கீழ படுத்தீங்க?"

அவன் எழும்பி இருந்து பாயைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். "பயணத்தில... இப்பிடித்தானே படுக்கிறது."

வேண்டுமென்று செய்யவில்லை என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. அதனால்தான் கோபம் கூடினது. பதினைந்து வருஷம் சனிக்கிழமைப் பயணம் என்றால் சுவரோரப் பாய். உடம்பு தானாகப் போய் அங்கே விழுகிறது. அவள் முதலில் சிரித்தாள், பிறகு கட்டிலில் இருந்து விம்மி அழுதாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னிடம் தலவிலையில் சொன்னதை அவனிடம் கேட்டுவிட்டாள்.

"இனி நான் கேக்க மாட்டன். ஒரு கோயில்லயும், ஒரு டொக்டரிட்டயும். என்னால ஏலாது. இனியும் என்னை எங்கயாவது கூட்டிக்கொண்டு போவீங்களா, இல்ல இண்டையோட முடிஞ்சுதா?"

யூட் பாயின் ஓரத்தைச் சுருட்டினான். பிறகு, "நான் எப்பவோ விட்டுட்டன்" என்றான்.

"என்னத்த?"

"கேக்கிறத. மடுவில மழைக்குள்ள அகப்பட்டு உனக்குக் காய்ச்சல் வந்திச்சே, அந்த வருஷத்தோட."

மடுவில் மழை பெய்தது எத்தனையோ வருஷத்துக்கு முன்னால். அதற்குப் பிறகுதான் காலி, அதற்குப் பிறகுதான் கண்டி. "அப்ப என்னோட முழங்கால்ல நிண்டு என்ன செஞ்சீங்க?"

"உனக்குத் திரும்பக் காய்ச்சல் வரக்கூடாதெண்டு கேட்டன். திரும்பி வரக்கொள்ள பஸ்ஸில சீட் கிடைக்கோணும் எண்டு கேட்டன்."

"பிறகு ஏன் என்னை இழுத்துக்கொண்டு திரிஞ்சீங்க?"

"நீ விடாமக் கேக்கிறாய் எண்டு நினைச்சன். வேற என்ன சொல்லி உன்னைக் கூட்டிக்கொண்டு போறது? பஸ்ஸில பக்கத்தில இருப்பாய். புத்தளம் தாண்ட முந்தித் தோள்ல சாஞ்சு நித்திரை கொள்ளுவாய். வீட்டில அதுவும் இல்ல."

இதைக் கேட்டதும் என் தங்கை உருகிப்போய்விட்டாள் என்று நினைக்கிறீர்களா? இல்லை. நானாக இருந்தாலும் உருகியிருக்க மாட்டேன். "அதுக்காக என்ட முழங்கால் தேயோணுமா? அதுக்காக மீன் இல்லாம, படுக்கை இல்லாம, ஊர்ப் பெண்டுகள்ட சிரிப்பைத் தின்னுகொண்டு... ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?" என்று கத்தியிருக்கிறாள். அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவள் குரலை இறக்கிக் கடைசியாகச் சொன்னாள்: "இப்ப நாலு சுவருக்குள்ள சொல்லுறீங்க. நல்லது. அம்மாட்ட சொல்லுவீங்களா?"

அவன் பையிலிருந்த மெழுகுதிரிக் கட்டைப் பார்த்தான். அவள் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவனும் வந்து கட்டிலின் மற்றக் கரையில் படுத்தான். தொடவில்லை. தூங்கிவிட்டார்கள். தேநீர் கொண்டு வந்த சமையல்காரன் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனானாம். விடியக் காலையில் டொல்பின் பார்க்க வள்ளம் போகிறது என்று சொன்னதற்கும் எழும்பவில்லை. கொழும்பு ஆட்கள் காலில் பலகை கட்டி, பட்டம் இழுக்க அலையில் பாய்கிற இடத்தில் போய், எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் தூங்கித் தூங்கி எழும்பினார்கள். "எவ்வளவு களைச்சுப் போயிருந்தம் எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சதக்கா" என்றாள் மெரினா.

இனி நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

ஞாயிறு மத்தியானம் நான் றோசா மாமி வீட்டு முற்றத்தில் இருந்தேன். மாமி வெங்காயம் உரிக்க, நான் கதைக்க, அப்படித்தான் எங்கள் ஞாயிறு போகும். மெரினாவும் யூட்டும் படலையைத் திறந்து உள்ளே வந்தார்கள். மெரினாவின் முகத்தைப் பார்த்தேன். கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிற முகம்.

"என்ன, மெழுகுதிரி கொளுத்தினீங்களா?" என்று மாமி கேட்டா.

"இல்லம்மா" என்றான் யூட்.

"ஏன், கோயில் பூட்டா?"

"கோயிலுக்குப் போகல்ல. நேர்த்திக்குப் போறம் எண்டு நான் உங்களுக்குப் பொய் சொன்னன். சும்மாதான் போனம்."

"சும்மாவா? சும்மா எதுக்கு ஆக்கள் போறது?"

"மெரினாவோட இருக்க."

மாமி வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா. நான் யாரைப் பார்க்க? எங்கள் கரையில் ஒரு ஆம்பிளை பெற்ற தாய்க்கு முன்னால் வாய் திறந்து இப்படிச் சொன்னதை நான் என் சீவியத்தில் கேட்டதில்லை. அவன் காது இரண்டும் சிவந்துபோய் இருந்தது, ஆனால் நிறுத்தவில்லை. "இனிப் பிள்ளை கேட்டு எங்கயும் போறதில்லம்மா. இல்லையெண்டா இல்லை. நான் கேக்கிறத விட்டுக் கன வருஷம்."

மாமி கத்தியைக் கீழே வைத்தா. "நீயும் விட்டுட்டியா மெரினா?"

"ஓம் மாமி. களைச்சுப் போச்சு."

மாமி கத்துவா என்று நான் வரிந்து கட்டிக்கொண்டு தயாராக இருந்தேன். அவ கத்தவில்லை. சாறித் தலைப்பால் கண்ணைத் துடைத்தா, வெங்காயமோ என்னவோ. "நான் நாள் தவறாம விடியப் பூசைக்குப் போறன், உங்களுக்காக. என்ட முழங்காலும் ஏலாதுதான். நீங்க கேக்கிறீங்களே, நான் விட்டா எப்பிடி எண்டுதான் நானும் விடாமக் கேட்டன்." பதினைந்து வருஷமாக இந்தக் கிழவியோடு வேலிக்கு மேலால் சண்டை பிடித்தவள் நான்.  அவவின் முழங்காலைப் பற்றி நாங்கள் ஒருவரும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

 பிறகு மாமி மூக்கை உறிஞ்சிவிட்டு, மனது தேறின மாதிரிச் சொன்னா: "சரி. சும்மா போறதெண்டா அடுத்த தரம் நானும் வாறன். நானும் ஒரு இடமும் பார்க்கல்லதானே."

பாவமாகத்தான் இருந்தது. அவ கேட்டதிலும் பிழை இல்லை. மெரினாவின் முகம் விழுந்ததைக் கண்டேன். அவளுடைய குணம் எனக்குத் தெரியும், "வாங்க மாமி" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள்.

"இல்லம்மா" என்றான் யூட்.

"என்ன இல்ல?"

"நீங்க வர ஏலாது. நாங்க ரெண்டு பேரும்தான் போறது."

மாமி எழும்பினா. வெங்காயத் தட்டு கவிழ்ந்தது. உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினா. பிறகு தொடங்கியது அழுகை. செத்துப்போன புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பெற்ற வயிற்றில் அடித்து, தெருவுக்கே கேட்க அழுதா. அந்த அழுகைக்கு யூட் சின்ன வயதிலிருந்தே ஓடிப் போகிறவன். வள்ளத்தை விட்டு ஓடியிருக்கிறான், சோற்றை விட்டு ஓடியிருக்கிறான், கலியாணம் கட்டின அன்று இரவும் ஓடினான். அவன் முகம் வெளுத்துவிட்டது. கால் தானாகக் கதவுப் பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தது.

மெரினா பின்னாலிருந்து அவனுடைய சேர்ட்டைப் பிடித்தாள்.

"போகாதீங்க."

உள்ளே அழுகை இன்னும் கூடியது. குழாயடியில் நின்ற பெண்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் போகவில்லை.